உதாரணத்துக்குச் சொன்ன பையன்

மாலம் தனீமுவைப் பற்றி நல்லதாக நாலு வார்த்தை எழுதச் சொன்னால் எனக்குக் கை ஓடாது. படித்தவரை எங்கள் பக்கத்தில் மாலம் என்போம், வாத்தியாரையா என்கிற மாதிரி. அவர் ஸாரியாக்காரர், நான் கானோக்காரன். எங்கள் இரண்டு ஊர்க்காரர்களும் கண்டுகொண்டால் ஒருவரையொருவர் அடிமை என்று கூப்பிட்டுக்கொள்ள வேண்டும், யாரும் கோபித்துக்கொள்ளக் கூடாது. கொள்ளுத்தாத்தாக்கள் காலத்திலிருந்து வரும் உரிமை அது. ஆகவே நடுநடுவே நான் அவரைத் திட்டினால் வாசிக்கிறவர்கள் அதை மரியாதை என்று எடுத்துக்கொள்ளுங்கள். திட்டாமல் விட்ட இடத்தில்தான் எனக்கு நிஜமாகவே கோபம்.

வேளாண்மைத் துறையில் மோட்டார் சைக்கிளில் சுற்றிச் சுற்றியே முதுகு வளைந்தவர் அவர். வேலையிலிருந்து ஓய்வு பெற்றபின் புதுத் தட்டைப்பயறு அவரைப் பிடித்துக்கொண்டது. எங்கள் பக்கத்தில் தட்டைப்பயறு இல்லாமல் பொழுது விடியாது. காலையில் கம்பங்கூழும் பயறு வடையும் இல்லையென்றால் கல்யாண வீட்டுக்காரனே மாப்பிள்ளையைத் திரும்பிப் பார்க்க மாட்டான். அந்தப் பயற்றுக்கு ஒரு புழு எதிரி. பூவைத் தின்னும், காயைத் துளைத்து உள்ளே போய் உட்கார்ந்துகொள்ளும். அதைக் கொல்ல ஒரு பருவத்துக்கு ஏழெட்டுத் தடவை மருந்தடிப்பார்கள். புழு எட்டாத பயறு ஒன்றை ஆராய்ச்சிக்காரர்கள் உண்டாக்கினார்கள். அதை விவசாயிகளுக்கும், சட்டம் போடுகிற பெரிய மனிதர்களுக்கும் புரியும்படி சொல்ல ஓர் ஆள் வேண்டியிருந்தது. தனீமுவைப் போட்டார்கள்.

சொல்வதில் அவர் கெட்டிக்காரர், அதை மறைக்க முடியாது. வானொலி நிலையத்தில் அவருடைய நிகழ்ச்சியைப் பதிவு செய்கிறவன் நான். கிராமங்களுக்கு ஒலிபெருக்கி வண்டியையும் நான்தான் ஓட்டினேன். ஒவ்வொரு ஊரிலும் முதல் கேள்வி ஒன்றுதான்.

"மாலம், புழு தின்னா சாகும்ங்கறீங்க. நான் தின்னா?"

"புழு வயித்துல ஒரு பூட்டு இருக்குய்யா. மண்ணுல இருக்கற ஒரு கிருமிகிட்டேர்ந்து அந்தப் பூட்டுக்கான சாவிய எடுத்துப் பயறுக்குள்ள வெச்சிருக்காங்க. உன் வயித்துல அந்தப் பூட்டே கிடையாது. சாவி சும்மா உள்ள போய் சும்மா வெளிய வந்துடும்."

"அப்போ யார் வயித்துலயுமே இல்லியா?"

"மனுஷங்க யாருக்கும் இல்ல." என்னைத் திரும்பிப் பார்ப்பார். "இந்தக் கானோ அடிமைக்கு மட்டும் சோதிச்சுப் பாக்கணும்."

கூட்டம் சிரிக்கும். சிரித்த கூட்டத்திடம் கசப்பானதையும் சொல்லிவிடுவார். அசுவினிக்கும் இலைப்பேனுக்கும் இந்தப் பயறு ஒன்றும் செய்யாது, அதற்கு இரண்டு தடவையாவது மருந்தடிக்கத்தான் வேண்டும் என்பார். பொய் சொல்லி விற்க வந்தவர் இல்லை. பின்னால் நடந்ததைப் படிக்கும்போது இதை ஞாபகம் வைத்துக்கொள்ளுங்கள்.

இத்தனைக்கும் மேலே அவரிடம் ஒரு கதை இருந்தது. பக்கத்துக் கிராமத்தில் ஒரு பையன். மீசை அரும்புகிற வயசு. முதுகில் மருந்துத் தொட்டியைக் கட்டிக்கொண்டு ஊரார் வயலுக்கெல்லாம் கூலிக்கு அடிப்பான். தொட்டி ஒழுகும், சட்டை நனையும். முகத்துக்கு ஒரு துணிகூட இல்லை. இரண்டு மருந்தைக் குச்சியால் கலக்கினால் புழு சீக்கிரம் சாகும் என்று யாரோ சொன்னதைக் கேட்டுக் கலக்குவான். ஒருநாள் காற்று எதிரே அடித்தது. வாயில் நுரை தள்ளி வரப்பிலேயே விழுந்துவிட்டான். உயிர் பிழைத்தது. கை மட்டும் திரும்பவில்லை. ஒரு கிண்ணம் கூழைச் சிந்தாமல் வாய்க்குக் கொண்டுபோக முடியாது. "தங்கமான பையன்யா அவன். யாரையும் எதிர்த்து ஒரு வார்த்தை பேசமாட்டான்" என்று முடிக்கும்போது தனீமுவின் குரல் கரகரக்கும். வானொலியில் அது வரும் அன்றைக்கு எங்கள் தொலைபேசி ஓயாது.

அந்தப் பையன் அவருடைய மூத்த மகன். பேர் சுராஜோ.

அதைச் சொல்லிவிட வேண்டியதுதானே என்று கேட்பவர்கள் எங்கள் ஊரில் பிறக்காதவர்கள். மூத்த பிள்ளையை எவனாவது வாய்விட்டு என் பிள்ளை என்பானா? பேர் சொல்லிக் கூப்பிடுவானா? நாலு பேர் முன்னால் மடியில் வைத்துக் கொஞ்சுவானா? பெற்றவளும் பேர் சொல்ல மாட்டாள். என் மூத்த மகளுக்கு வீட்டில் 'ஏ பொண்ணே' என்பதுதான் பேர், அவள் இன்றைக்குப் பேரன் எடுத்துவிட்டாள். அந்த வெட்கம் இல்லாதவனை மனிதனில் சேர்க்க மாட்டார்கள். சுராஜோ பால் மறந்ததும் தனீமுவின் அண்ணன் ஷேஹு அவனைக் கொண்டுபோய் வளர்த்தார். அப்பாவும் பிள்ளையும் ஒரே விசேஷத்தில் உட்கார நேர்ந்தால் ஒருவர் கிழக்கே பார்ப்பார், ஒருவன் மேற்கே பார்ப்பான்.

அவன் ஆஸ்பத்திரியில் கிடந்தபோது நான் கூட இருந்தேன். தனீமு வராந்தாவிலேயே நின்றார். உள்ளே ஷேஹு இருந்தார், தனீமுவின் மாமனார் இருந்தார். "நூஹு, உள்ள படுத்திருக்கறவன் எப்படி இருக்கான்?" என்று என்னிடம் கேட்பார். நான் சொல்வேன். "தண்ணி குடிக்கச் சொல்லு" என்பார். பையன் கண்ணயர்ந்து பெரியவர்களும் தொழுகைக்குப் போன சமயம் செருப்பைக் கழற்றிவிட்டு உள்ளே போனார். யாரோ வரும் சத்தம் கேட்டதும் திருடன் மாதிரி வெளியே வந்துவிட்டார்.

வானொலியில் பேர் சொல்லாமல் அவனைப் பற்றிப் பேசக் கிடைத்தது அவருக்கு ஒரு வடிகால். அவனுக்கும்தான். சுராஜோ வெள்ளிக்கிழமைச் சந்தையில் மோட்டார் சைக்கிள்களுக்குக் காவல் இருப்பான். கழுத்தில் ஒரு சின்ன ரேடியோ. அந்தக் கதை வரும்போது சத்தத்தைக் கூட்டிவைத்துப் பக்கத்துக் கடைக்காரர்களிடம், "கேளுங்க, கேளுங்க, நல்லாச் சொல்றார்" என்பானாம். யாரைப் பற்றி என்று சொல்ல மாட்டான். தங்கமான பையன் என்று தன் அப்பா வாயால் அவன் கேட்டது அதில் மட்டும்தான்.

ஒரு செவ்வாய்க்கிழமை நேரடி நிகழ்ச்சியில் அல்ஹாஜி சகீரு கூப்பிட்டார். பக்கத்து ஊர்ச் சந்தையில் பூச்சிமருந்துக் கடை வைத்திருப்பவர். வாய்க்காரர், ஆனால் கெட்டவர் இல்லை.

"மாலம், உங்க நிகழ்ச்சிய நான் ஒண்ணு விடாம கேக்கறேன். கேட்டுக் கேட்டு என் வியாபாரம் படுத்துப்போச்சு, இருந்தாலும் கேக்கறேன்."

"அல்லா உங்களுக்குப் பொறுமையக் கொடுக்கட்டும், அல்ஹாஜி."

"ஆமீன். ஒண்ணே ஒண்ணு சொல்லுங்க. அந்தக் கை நடுங்கற பையன் யாரு?"

தனீமு வாயைத் திறப்பதற்குள் அல்ஹாஜியே தொடர்ந்தார்.

"என் கடை மருந்தாத்தான் இருக்கும், இந்தச் சுத்துவட்டாரத்துல வேற கடை ஏது? பேரச் சொல்லுங்க, யார் பெத்த பிள்ளன்னு சொல்லுங்க. இப்பவே போய் அந்த அப்பன் முன்னால மண்டிபோட்டு மன்னிப்புக் கேக்கறேன். இல்ல, அப்படி ஒருத்தனே கிடையாதுன்னா அதையும் சொல்லிடுங்க. என்னக் கொலைகாரன் மாதிரி பாக்கறாங்க, மாலம்."

கண்ணாடிக்கு இந்தப் பக்கம் நான் இருந்தேன். அவர் கை தொப்பிக்குப் போனது, தொப்பியைச் சரிசெய்தது, திரும்பவும் சரிசெய்தது. பேர் வெளியே சொல்வதற்கில்லை என்று சொல்லியிருக்கலாம். பையனைக் கேட்டுச் சொல்கிறேன் என்றிருக்கலாம். எந்த இழவையாவது சொல்லியிருக்கலாம். பதறினவன் கையில் முதலில் எது அகப்படுமோ அதைத்தானே எடுப்பான்.

"அது நிஜப் பையன் இல்ல, அல்ஹாஜி" என்றார். "உதாரணத்துக்குச் சொன்னது."

நான் அவசரமாகப் பாட்டைப் போட்டேன்.

அடுத்த கிராமத்தில் வண்டியை நிறுத்தியதுமே ஒருவன் கேட்டான். "மாலம், இந்தப் பயறாவது நிஜமா, இல்ல இதுவும் உதாரணமா?" இன்னொருவன், "புழு நிஜம்ப்பா, என் வயல்ல இருக்கு. மருந்து ரெண்டு தடவ போதும்ங்கறதுதான் உதாரணம்" என்றான். சிரிப்பு அடங்கவில்லை. வழக்கமாகப் பதிலுக்குப் பதில் கொடுக்கிற மனிதர் கையிலிருந்த செடியையே பார்த்துக்கொண்டு நின்றார். சாவி, பூட்டு, கிருமி எல்லாம் ஒரே பொய்யில் அடித்துக்கொண்டு போய்விட்டது. வருஷக்கணக்காகச் சேர்த்த பேர் அது. சோதனை வயலுக்கு நிலம் தருவதாகச் சொன்னவர்களும் பின்வாங்கினார்கள்.

நான் சந்தைக்குப் போய் சுராஜோவைப் பார்த்தேன். ரேடியோ கழுத்தில் இல்லை.

"வாங்க நூஹு மாமா. கேட்டீங்களா சேதி? நான் உதாரணமாம்ல" என்றான். சிரித்தான். வண்டிக்குக் கொடுக்கிற தகரச் சீட்டு அவன் விரலில் நிற்காமல் ஆடிக்கொண்டிருந்தது. "நடுங்கறது மட்டும் நிஜம்போல."

எனக்கு முகத்தை எங்கே வைத்துக்கொள்வது என்று தெரியவில்லை. அவன் அப்பா செய்ததற்கு நான் ஏன் கூச வேண்டும்? கூசியது.

அன்று வண்டியில் தனீமுவிடம் கேட்டேன். "என்னய்யா செஞ்சு வெச்சிருக்க?"

"என் மாமனார் கேட்டுக்கிட்டு இருந்தார், நூஹு. அண்ணன் கேட்டுக்கிட்டு இருந்தார். ஸாரியா முழுக்கக் கேட்டுக்கிட்டு இருந்துச்சு. என் மூத்தவன்னு ரேடியோல கூவச் சொல்றியா? அதுக்குச் சந்தையில துணியில்லாம நிக்கலாம்."

"இப்ப மட்டும் துணியோடயா நிக்கற?"

இதில் கேலி இல்லை. அவருக்கும் அது தெரிந்தது. வண்டி அவர் வீட்டு முன்னால் நின்றது. வாசலில் அவர் மனைவி லாரை நின்றிருந்தாள். கணவனைப் பார்க்காமல் என்னிடம் சொன்னாள்: "அவன் சாப்பிட வரலன்னு ஷேஹு வீட்டுல சொல்லி அனுப்பினாங்க." யார் என்று அவளும் சொல்லவில்லை. தனீமு செருப்பைக் கழற்றிக்கொண்டே, "எனக்கும் வேண்டாம்" என்றார்.

மழைக்கு முன்னால் கடூனாவில் ஒரு விசாரணைக் கூட்டம் வைத்தார்கள். எங்கள் வட்டாரத்தில் சோதனை வயல் போடலாமா கூடாதா என்று தீர்மானிக்கத் தலைநகர் அபுஜாவிலிருந்து குழு வந்தது. தலைவி தெற்கத்திப் பெண்மணி, திருமதி ஓன்யேமா. எங்கள் ஹௌஸா மொழி தெரியாது, ஆகவே மொழிபெயர்க்க என்னை உட்கார வைத்தார்கள். அல்ஹாஜி சகீருவும் வந்திருந்தார். அவர் பேச எழுந்தார்.

"பயறு நல்லதா கெட்டதான்னு எனக்குத் தெரியாது, அம்மா. அது படிச்சவங்க சமாசாரம். ஆனா இத நமக்குச் சொல்ல வந்தவர் இல்லாத பையன இருக்கான்னு அழுதார். பொய்ன்னு அவர் வாயாலயே ஒத்துக்கிட்டார். பையன் விஷயத்துல பொய் சொன்னவர் பயறு விஷயத்துல நிஜம் சொல்வார்னு நான் எப்படி நம்பறது?"

கேள்வியில் தப்பு இல்லை. தலைவி தனீமுவைப் பார்த்தாள். "உண்மையா? அந்தச் சம்பவம் கற்பனையா?"

நான் மொழிபெயர்த்தேன். தனீமு பெரிய அங்கியின் கைகளை மடித்து விட்டுக்கொண்டு எழுந்தார்.

அப்போதுதான் கடைசி வரிசையிலிருந்து ஒருவன் எழுந்து நடந்து வந்தான். யாரிடமோ இரவல் வாங்கிய அங்கி, தோள் தாண்டித் தொங்கியது. ஸாரியாவிலிருந்து பஸ் பிடித்துத் தனியாக வந்திருக்கிறான். பக்கத்து நாற்காலிக்காரரிடமிருந்து மைக்கை வாங்கினான். கை நிற்காமல் ஆடியதில் அது தாடையில் போய்ப் போய்த் தட்டியது. டொக், டொக், டொக் என்று ஒலிபெருக்கியில் கூடம் முழுவதும் கேட்டது.

"நான்தான் அந்தப் பையன்" என்றான். "இருக்கேன்."

சகீரு திரும்பிப் பார்த்தார். அந்தக் கையைப் பார்த்தார். உட்கார்ந்துவிட்டார்.

"மாலம் பொய் சொல்லல. நான் வெட்கப்படுவேன்னு எனக்காக மறைச்சார். மருந்து அடிச்சது நான், கலக்கினது நான். இப்ப என்னால ஒரு ஊசியில நூல் கோர்க்க முடியாது. என் தம்பிங்க அந்தத் தொட்டியத் தூக்காம இருக்கணும்னு கேக்க வந்தேன்."

"உன் பேர்?" என்று தலைவி கேட்டாள்.

"சுராஜோ."

"தந்தை பேர்?"

இவ்வளவு நேரம் ஆடிக்கொண்டிருந்த மைக் மேலும் ஆடியது. அவன் தனீமு இருந்த பக்கம் பார்க்கவே இல்லை. "ஷேஹு" என்றான். "விவசாயி. உடம்பு சரியில்ல, அதான் வரல."

அதையும் மொழிபெயர்த்தேன், சம்பளத்துக்கு வேலை செய்கிறவன் வேறென்ன செய்வான்? அப்பா அவனை இல்லை என்றார். பிள்ளை அப்பாவின் வெட்கத்தைக் காப்பாற்றி, அவர் பொய்யையும் துடைத்துவிட்டு, தன்னைப் பெரியப்பனுக்குப் பிறந்தவனாக ஆக்கிக்கொண்டு நிற்கிறான். எல்லாம் சுமுகமாக முடிந்தது. தனீமு வாயை மூடிக்கொண்டு உட்கார்ந்தால் போதும்.

அவர் உட்காரவில்லை.

"அந்தத் தம்பி சொல்றது தப்பு" என்றார்.

கூடத்தில் ஒரு முனகல் எழுந்தது. மறுபடியும் இல்லை என்கிறான் பாவி என்று நினைத்து, கையிலிருந்த பேனாவை நான் மேசையில் அடித்தேன்.

அவர் அங்கியின் ஓரத்தைத் தூக்கி முகத்தை மூடிக்கொண்டார். உள்ளிருந்து குரல் வந்தது. "அவன் ஷேஹுவுக்குப் பிறக்கல. எனக்குப் பிறந்தவன். என் மூத்தவன்."

கூடத்திலிருந்த எங்கள் ஆட்கள் அத்தனை பேரும் தலையைத் தொங்கப்போட்டார்கள். ஒருவர் காலணியைப் பார்த்தார், ஒருவர் ஜெபமாலையைத் தேடினார். நானும் குனிந்தேன். பார்க்கக் கூடாத ஒன்றை எல்லோருமாகப் பார்த்துவிட்ட மாதிரி இருந்தது. மைக் கீழே விழுந்து உருண்டது, சுராஜோ கதவைத் தள்ளிக்கொண்டு வெளியே போய்விட்டான்.

"என்ன சொன்னார்?" என்று தலைவி கேட்டாள்.

"இந்த இளைஞன் அவருடைய மகனாம்" என்றேன்.

"அப்படியா. மருத்துவச் சான்று இருந்தால் செயலாளரிடம் கொடுக்கச் சொல்லுங்கள்." பக்கத்தைப் புரட்டினாள். "அடுத்து யார்?"

அவளைக் குறை சொல்ல எனக்கு வாயில்லை. அந்த ஒரு வரியைச் சொல்ல ஒரு மனிதனுக்கு எவ்வளவு ஆனது என்று எந்த மொழியில் நான் அவளுக்குச் சொல்வது? சோதனை வயலுக்குப் பிற்பாடு அனுமதி வந்தது. அதற்கு இது காரணம் என்று எனக்குத் தோன்றவில்லை.

அல்ஹாஜி சகீரு சொன்ன சொல் தவறவில்லை. இரண்டு வரிசை நாற்காலிகளுக்கு நடுவே, பருத்த உடம்போடு தனீமு முன்னால் மண்டிபோட்டார். தனீமு அங்கியை முகத்திலிருந்து எடுக்காமலே பின்னால் நகர்ந்தார். "எங்கிட்ட கேக்காதீங்க அல்ஹாஜி. அதுக்கு எனக்கு யோக்கியதை இல்ல" என்று சொல்லிக்கொண்டே வெளியே போனார். நாற்காலியைத் தள்ளிவிட்டு நானும் பின்னாலேயே ஓடினேன்.

வெளியே தண்ணீர்க் குழாயடியில் சுராஜோ முகம் கழுவிக்கொண்டிருந்தான். கையில் பிடித்த தண்ணீர் பாதிக்குமேல் கீழே போய்க்கொண்டிருந்தது. தனீமு நாலு எட்டு தள்ளி நின்று சுவரைப் பார்த்தார். அவன் வேலியைப் பார்த்தான். நடுவில் நான்.

சுராஜோதான் முதலில் பேசினான், என்னிடம். "நூஹு மாமா, அவர்கிட்ட கேளுங்க. ஏன் எழுந்தார்? நான்தான் எல்லாத்தையும் சரியா சொல்லிட்டேனே. இனிமே அவர் எப்படி மாமனார் வீட்டு வாசல மிதிப்பார்? ஊர்ல எப்படித் தலை நிமிர்வார்? காப்பாத்தி வெச்சதக் கெடுத்துக்கிட்டாரே."

அவன் அழுதான். அவருக்காக அழுதான்.

தனீமு என்னைப் பார்த்தார். "அவன்கிட்ட சொல்லு, நூஹு..." என்று ஆரம்பித்தார், எப்போதும்போல.

"நான் இன்னைக்குச் சம்பளத்துக்கு மொழிபெயர்த்தது போதும்" என்றேன். "வாய் இருக்குல்ல? நீயே சொல்லு, ஸாரியா அடிமையே."

அவர் நின்றார். தொப்பியைச் சரிசெய்தார். திரும்பவும் சரிசெய்தார். கடைசியில் வந்தது ஒரு பேர் மட்டும்தான், பழக்கமில்லாத வாயில் கல் கடிபட்ட மாதிரி.

"சுராஜோ."

அவன் தோள் ஒருமுறை தூக்கிப்போட்டது. வேலியிலிருந்து கண்ணை எடுக்கவில்லை.

"என்னங்கப்பா" என்றான்.

இருவருமே வெட்கத்தில் தரையைப் பார்த்துக்கொண்டு நின்றார்கள். நான் திறந்தபடி கிடந்த குழாயை மூடிவிட்டு, வண்டியை எடுத்து வரப் போனேன்.